ஓரக்குறிப்பு

கிட்டாலேயில் இரவு பதினொன்று.
கீழே உரக்கடையின் ஷட்டர் இறங்கிவிட்டது.
யூரியா வாடை மட்டும் படியேறி வந்து
என் மேசையருகே உட்கார்ந்துகொள்கிறது.
பக்கத்துக்கு நான்கு டாலர்,
அவசரமென்றால் ஆறு.
தரகர் வெக்கேசா அதில் ஒன்றரை எடுத்துக்கொள்வார்.

இந்த வாரத் தலைப்பு:
'பொய் எப்போதாவது நியாயமாகுமா?'
அறவியல், ஆயிரத்து ஐந்நூறு சொற்கள்.
சிரித்தேன்.
பிறகு எழுத உட்கார்ந்தேன்.

கோரி ஹால்வர்சன் அவன் பெயர். டுலூத் அவன் ஊர்.
'சிறுவயதில் உறைந்த ஏரிமீது நடந்தபோது' என்று
அவனுக்காக ஒருமுறை எழுதியிருக்கிறேன்.
பனிக்கட்டியை நான் பார்த்தது
இறைச்சிக்கடை உறைபெட்டியில்.
கெடு நீட்டிக் கேட்க அவன் அத்தையை
இருமுறை சாகடித்தேன்.
இரண்டாம் சாவுக்கும் அதே மருத்துவமனை.
யாரும் கவனிக்கவில்லை.

என் ஆய்வேடு நாற்பத்தோராம் பக்கத்தில் நிற்கிறது,
கட்டணம் பாக்கி.

கையெழுத்திடுவது அவன்தானே என்பேன்,
கள் விற்கிறவள்
தான் குடிப்பதில்லை என்பதுபோல.
அந்த வாதம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது,
தாதியர் படிப்புக்காரி ஒருத்தி வரும்வரை.
குழந்தைகளுக்கான மருந்தளவு, எட்டுப் பக்கம்.
எழுதிக் கொடுத்தேன். முதல் வகுப்பு.
எடைக்கேற்ப மில்லிகிராமைப் பெருக்கத் தெரிந்தவள் நான்.
ஊசி அவள் கையில்.
எந்த ஊரில், எந்த வார்டில்
நிற்கிறாளோ இந்நேரம்.

கட்டுரை திரும்பி வந்தது.
'திருத்திக் கொடு, இதுக்குக் காசு கிடையாதுதானே?'
ஓரமெல்லாம் பேராசிரியர் சான்ட்விக்கின் கை:
'இங்கே அவசரப்படுகிறாய்.'
'இது உன்னால் நம்ப முடிகிற வாக்கியமா?'
'நன்று.'
அந்த 'நன்று'வை நான்கு முறை படித்தேன்.
கடைசியில், சாய்வாக:
'வகுப்பில் வாய் திறக்காத நீ
தாளில் இவ்வளவு பேசுகிறாய், கோரி. ஏன்?'

அதிகாலை நான்கு மணிக்கு
வெக்கேசாவின் லைன் வழியாக அழைத்தான்.
முதல்முறையாக அவன் குரல்.
அங்கே மாலை; பின்னால்
சரக்குக் கிடங்கு வண்டி பின்னோக்கி வரும் பீப் பீப்.
'நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க ரூமுக்கு வரச் சொல்லியிருக்காங்க.
நான் என்ன நினைக்கிறேன்னு
கொஞ்சம் சொல்லு.'

சொன்னேன்.
அவன் நினைப்பதையெல்லாம் பத்தி பத்தியாகச் சொன்னேன்.
மூன்றாம் பத்தியில் நிறுத்தினான்.
'இல்ல. இது தப்பு.
ஏமாந்தவருக்குத் தெரியாதவரை
இழப்பில்லைன்னு போட்டிருக்க.
எங்கம்மா ஒரு வருஷமா
என் மார்க்கைப் பார்த்துப் பார்த்துப் பாராட்டறாங்க.
அவங்க பாராட்டறது உன்னை.
எனக்கு ஒண்ணும் வந்து சேரல.'

பீப் பீப்.

'எழுதிக்கொள்' என்றேன், 'அது உன்னுடையது.'
'நீ எழுதிக் கொடு' என்றான், பழக்கத்தில்.
பிறகு இருவரும் சிரித்தோம்.
அது என்ன சிரிப்பென்று
இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.
வைக்கும் முன் என் பெயரைக் கேட்டான்.
நஃபுலா என்றேன்.
இருமுறை தப்பாகச் சொல்லிவிட்டு வைத்தான்.

விடிந்ததும் வெக்கேசா
நாற்பது நிமிடத்துக்கு அவனுக்குப் பில் போட்டார்,
அவசர விகிதத்தில்.
என் பங்கு மதியம் கைபேசியில் வந்தது.
வாங்கிக்கொண்டேன்.

பத்து மணிக்கு அந்த அறையில் என்ன நடந்ததென்று தெரியாது.
அவனிடமிருந்து வேறு வேலை வரவில்லை.
தேறினானா, துரத்தினார்களா,
சொன்னானா.

கோப்பை மட்டும் நான் அழிக்கவில்லை.
அந்த 'ஏன்?'-க்குக் கீழே
பதில் எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது.
'பேராசிரியருக்கு' என்று
நேற்று தொடங்கினேன்.
வரி நீளுமுன் மின்சாரம் போனது.
மடிக்கணினியில் பதினோரு சதவீதம் இருந்தது,
எழுதியிருக்கலாம்.